பிராசசரை முடுக்கிய வெள்ளிக்கிழமை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களே கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் கௌரவம். ஊரே தூங்கிக்கொண்டிருக்கும் விடியற்காலையில் மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, பட்டப்பகலில் ஐந்தரை மணி நேரத்தைத் தொலைத்தவன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. தொடக் கூடாது என்று ஒருவர் தெளிவாகச் சொல்லியும் இருந்தார். அந்த ஒருவர் என் மனைவி.

நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அசெம்ப்ளி பிரிவு சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருடமாக மோட்டாரையும் பம்பையும் சேர்த்து மூடி, போல்ட் முடுக்கி, ஓடவிட்டுப் பார்த்து அனுப்புகிறவன். மனைவி ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் பதினோரு வருடம் இருந்தவள். இனிமேல்தான் கட்டப்போகிற வீட்டைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கட்டி, கேட்டைத் திறந்து உள்ளே நடந்துபோகிற மாதிரி ஒரு நிமிடப் படமாகக் காட்டுவாள். ஆறு மாதத்துக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் போட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்தாள். அவளுக்கென்றே வந்த முதல் வீடு தாராபுரத்து வீடு.

அந்த வீட்டுப் பெரியவர் தென்னந்தோப்பும் ஒரு நூல் மில்லும் வைத்திருக்கிறவர். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்காக வீடு கட்டுகிறார். மகன் லீவு முடிந்து சனிக்கிழமை ராத்திரி பிளைட்டில் கிளம்புகிறான். ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில், நாலு மணிக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, டிவியில் படத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே முடிவு சொல்வதாக ஏற்பாடு. வேறொரு இன்ஜினியரும் ஏற்கெனவே பிளான் போட்டுக் கொடுத்திருந்தார். படம் பிடித்துப்போனால் வேலை இவளுக்கு. பிடிக்கவில்லை என்றாலோ, நாலு மணிக்குப் படமே இல்லை என்றாலோ, அந்த இன்ஜினியருக்கு.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் கொடுமுடிக்குக் கிளம்பினாள். சித்தி மகளுக்குக் கோயிலில் ஏதோ பரிகாரம். போகாவிட்டால் சித்தி அடுத்த பத்து வருடத்துக்கு அதைச் சொல்லிக்காட்டுவார். கிளம்பும் முன் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். ஒரு நிமிடப் படம் என்றால் ஆயிரத்து ஐந்நூறு தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஜன்னல் வழியாக வெயில் எப்படி விழும், கிரானைட்டில் எது பிரதிபலிக்கும் என்றெல்லாம் பிராசசர் கணக்குப் போட்டு வரைய ஒரு நிமிடம் பிடிக்கும். ஆக மொத்தம் இருபத்தைந்து மணி நேரம்.

"ஏனுங்க, இது நாளைக்கு வெடியால எட்டு மணி வரைக்கும் ஓடும். நான் வர்ற வரைக்கும் அதும்பக்கமே போகாதீங்க."

"நான் எதுக்கு அம்மணி போறேன்?"

"போன வாரம் வாஷிங் மெஷின்கிட்ட எதுக்குப் போனீங்க?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் லீவு போட்டிருந்தது ஜன்னல் திரை மாட்ட. வருகிறவர்கள் உட்காரப்போகிற அறைக்குப் புதுத் திரை வாங்கி வைத்திருந்தாள். ஒன்பதே முக்கால் வரை நான் நல்லவனாகத்தான் இருந்தேன். துளை போட ட்ரில்லை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனபோது ஸ்கிரீன் கண்ணில் பட்டது. நூற்று அறுபத்தைந்தாவது படம். மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக நிறைந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஊர்ந்த வேகத்தைப் பார்த்தபோது, ஓடுகிற இயந்திரங்களோடு வாழ்க்கையைக் கழித்த என் கை அரித்தது.

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஒரு மாதமாக நான் யூடியூபில் பிராசசரை வேகமாக ஓட்டுவது எப்படி என்கிற வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் அதை ஓட்டலாமாம். வேகத்தைக் கூட்டினால் கொஞ்சம் வோல்டேஜையும் கூட்ட வேண்டுமாம். இதைக் கேட்டவுடன் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் முக்கும், ஏற்றிக்கொடுத்தால் ஜம்மென்று சுற்றும். இது தெரியாதவன் எங்கள் ஊரில் கிடையாது. தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கும் படம் வரைகிற பிராசசருக்கும் உள்ள வித்தியாசம் அளவில்தான் என்று முடிவு கட்டினேன்.

கணக்கும் போட்டேன். எங்கள் பிராசசர் ஓடியது நாலு புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸில். நாலு புள்ளி ஒன்பதில் ஓட்டினால் ஒரு படத்துக்கு ஐம்பத்தொரு நொடிதான். காலை எட்டு மணிக்கு முடிய வேண்டியது ஐந்து மணிக்கே முடிந்துவிடும். காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வேலை என்று யோசித்திருந்தால் நான் திரையை மாட்டியிருப்பேன்.

சரியாகப் பத்து மணிக்கு ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். நூற்று எண்பது படங்கள் முடிந்து பத்திரமாக இருந்தன. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதை அவள் சொல்லியே கேட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்து, திரும்பப் போட்டு, டெலிட் பட்டனைத் தட்டித் தட்டி அதன் செட்டிங்ஸுக்குள் நுழைந்து, வேகம் என்கிற இடத்தில் நாலு புள்ளி ஒன்பதுக்காக நாற்பத்தொன்பது என்று போட்டேன். வோல்டேஜையும் ஒரு கை ஏற்றினேன். சேமித்துவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்கிரீன் கறுப்பானது. ஃபேன் சுற்றியது. ஐந்து நிமிடம் ஆயிற்று. கறுப்பு அப்படியே இருந்தது.

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். எங்கள் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக்கொடுத்தவரே அவர்தான். போன் போட்டேன்.

"சொல்லுங்ணா."

"தம்பி, நம்ம கம்ப்யூட்டர் ஸ்கிரீன் வரமாட்டேங்குது."

"தானா வராமப் போச்சுங்களா, நீங்க ஏதாச்சும் செஞ்சுபோட்டீங்களா?"

இருபது வருடம் தொழிலில் இருப்பவரிடம் பொய் சொல்ல முடியாது. சொன்னேன். அவர் போனை மூடிக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரிப்பது விரலிடுக்கு வழியாகக் கேட்டது.

"பிளக்கப் புடுங்கிட்டு உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அதக் கழட்டி அஞ்சு நிமிசம் வெளிய வெய்ங்க. நீங்க பண்ணுனதெல்லாம் மறந்துபோயிரும். பழையபடி வந்துக்கும். வந்ததும் உட்டுட்டுப் பேசாம இருங்ணா."

"பெரிய கூலர் போட்டா நாலு புள்ளி ஒம்பது ஓடுமா?"

"ஓடும். ஆனா எதுக்குங்ணா?"

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். நடந்ததை எல்லாம் அது மறந்துவிட்டுப் பளிச்சென்று எழுந்து நின்றது. மனைவிக்கும் அப்படி ஒரு பேட்டரி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே காந்திபுரத்துக்கு வண்டியை எடுத்தேன்.

கடைக்காரர் பிராசசரைக் குளிர்விக்க, இரண்டு ஃபேன் வைத்த, தேங்காய் உயரத்துக்கு ஒரு கூலரைக் கொடுத்தார். கூடவே சுண்டுவிரல் அளவு ஒரு டியூபில் சாம்பல் நிறப் பேஸ்ட். பிராசசரின் சூடு கூலருக்கு ஏற, இரண்டுக்கும் நடுவில் அதை வைக்க வேண்டும். "பட்டாணி அளவு போதுமுங்ணா. வெச்சு நல்லா டைட் பண்ணிருங்க," என்றார்.

வழியெல்லாம் எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு உலோகப் பரப்புகள் சேருகிற இடம். நடுவில் பேஸ்ட். இந்த வேலையை நான் ஆயிரக்கணக்கான தடவை செய்திருக்கிறேன். பம்பை மூடும்போது தண்ணீர் கசியாமலிருக்கக் கேஸ்கெட் பேஸ்ட் போடுவோம். இரு பக்கமும் துடைத்து, விளிம்பெல்லாம் தாராளமாகப் போட்டு, மூடி, போல்ட்டை விரலால் மட்டும் திருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும். பேஸ்ட் கொஞ்சம் இறுகிய பிறகு வந்து குறுக்குவாட்டில் ஒவ்வொரு போல்ட்டாக முழுசாக முடுக்க வேண்டும். உடனே முடுக்கினால் பேஸ்ட் எல்லாம் வெளியே பிதுங்கிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவசரப்பட்டு முடுக்கும்போது நான் போடுகிற சத்தம் கேண்டீன் வரை கேட்கும்.

அதையேதான் செய்தேன். பழைய கூலரைக் கழற்றிவிட்டு, டியூப் மொத்தத்தையும் பிராசசர் மேல் பிதுக்கி, தோசைக்கு மாவு ஊற்றியது போலச் சுற்றிப் பரப்பினேன். கூலரை மேலே வைத்து, நான்கு ஸ்குரூவையும் விரலால் திருகினேன். காய்கிற வரைக்கும் தூசி விழக் கூடாதே என்று பெட்டியின் பக்கத் தகட்டை மூடினேன். டீ போட்டுக் குடித்தேன். திரும்பி வந்தபோது பெட்டி ஒழுங்காக மூடியிருந்தது. மூடியிருக்கிற பெட்டியைப் பார்த்தால் முடிந்துபோன வேலை மாதிரியே இருக்கும். சுவிட்சைப் போட்டேன்.

திரும்ப நாற்பத்தொன்பது. இந்த முறை ஸ்கிரீன் வந்தது. நான் முன்னறையில் தனியாகக் கைதட்டினேன். மூன்றரை மணிக்கு நூற்று எண்பத்தோராவது படத்தை ஓடவிட்டேன்.

சூடு பார்க்க வேண்டுமே. மோட்டார் சூட்டைப் புறங்கையால்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கையை வைத்து, ஒருவேளை கரண்ட் கசிந்தால் கை பிடித்துக்கொள்ளும். பெட்டிமேல் புறங்கையை வைத்தேன். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. பரம திருப்தி. திரையை மாட்ட உட்கார்ந்தவன், அப்படியே சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

ஐந்தரை மணிக்கு எழுந்து பார்த்தால் எண்ணிக்கை இருநூற்று ஐம்பத்திரண்டு. இரண்டு மணி நேரத்தில் எழுபத்திரண்டு படம். ஒரு படத்துக்கு நூறு நொடி. முன்பு அறுபது நொடி. வேகத்தைக் கூட்டினால் நேரம் எப்படிக் கூடும்? எங்கள் தொழிலில் அடுத்த சோதனை ஒன்று உண்டு. பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, நீள ஸ்குரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்போம். உள்ளே நடப்பதெல்லாம் காதில் விழும். ஸ்குரூடிரைவரை எடுத்து வந்தேன்.

ஆறரை மணிக்கு மனைவி கதவைத் திறந்தபோது நான் தரையில் ஒருக்களித்துப் படுத்து, கம்ப்யூட்டர் பெட்டியில் ஸ்குரூடிரைவரை ஊன்றி, கண்ணை மூடிக் காதைக் கொடுத்திருந்தேன். ஜன்னலில் திரை இல்லை. மேஜைமேல் கூலர் வந்த அட்டைப்பெட்டி.

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க சொல்லுதுங்க?"

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ஒரு வாக்கியத்தில் இரண்டு 'ங்க' வந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். நின்றேன்.

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு கொஞ்சம் வேகத்த ஏத்தி உட்டேன் அம்மணி."

"நெம்ப சந்தோசமுங்க. எத்தன முடிஞ்சிருக்குங்க?"

"இருநூத்தி எண்பத்தெட்டு."

எழுநூறை நெருங்கியிருக்க வேண்டும். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மேஜை முன் உட்கார்ந்து ஸ்கிரீனில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தாள். அதில் பிராசசரின் சூடு எண்ணாகத் தெரிந்தது. நூறு டிகிரி. எனக்கு அப்படி ஒரு ஜன்னல் இருப்பதே தெரியாது.

"நீங்க எவ்வளவு வெச்சீங்க?"

"நாலு புள்ளி ஒம்பது."

"அது ரெண்டரைல ஓடுது. சூடு தாங்காமத் தானா வேகத்தக் கொறச்சுக்கிச்சு. அதுக்காச்சும் புத்தி இருக்குது."

"வெளிய ஜில்லுனுதான் இருக்குது. தொட்டுப் பாத்தேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பதினெட்டு வருடத் தாம்பத்தியம் இருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நடந்ததை அவர் கேட்டுவிட்டு, "அக்கா, அண்ணன் ஸ்குரூவ டைட் பண்ணுனாரான்னு பாருங்க," என்றார். பக்கத் தகட்டைக் கழற்றினோம். அவள் கூலரை ஒரு விரலால் தொட்டாள். அது பால்பல் மாதிரி ஆடியது. பிராசசரைச் சுற்றி சாம்பல் நிறப் பேஸ்ட் கரை கட்டி நின்றது.

"டீ குடிச்சுப்போட்டு வந்து முடுக்கலாம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

ஸ்பீக்கரில் ஒருவர் இருமினார்.

பழைய துணியால் துடைத்துத் துடைத்து, டியூபின் வாலைச் சுருட்டிப் பிழிந்ததில் கடவுள் புண்ணியத்தில் ஒரு பட்டாணி அளவு தேறியது. இந்த முறை அவள் டார்ச் பிடிக்க, நான் அங்கேயே, அப்போதே, குறுக்குவாட்டில் முடுக்கினேன். அதில் மட்டும் என்னைக் குறை சொல்ல முடியாது.

பிறகு அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். மிச்சம் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு படம். ஏழரை மணிக்கு ஆரம்பித்துப் பழைய வேகத்தில் ஓட்டினால் நாளை மூன்றே முக்காலுக்கு முடியும். அதையெல்லாம் கோத்துப் படமாக்க இன்னும் ஒரு மணி நேரம். நாலு மணிக்கு வருகிறவர்களுக்கு நாலே முக்காலுக்குத்தான் காட்ட முடியும். அதற்குள் மகன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இதுவரை கோபம் இருந்த முகத்தில் இப்போது அது இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆறு மாதமாக வாடிக்கையாளர் வருவதற்காகக் காத்திருந்தவள். வாசலில் மாட்டியிருக்கும் சின்னப் போர்டை வாரம் ஒருமுறை துடைப்பாள்.

"தம்பி," என்றாள் போனில், "இந்தக் கூலருக்கு எவ்வளவு ஏத்தலாம்? பயமில்லாம ஓடோணும். வீரத்தனமெல்லாம் வேண்டாம்."

"நாலர வெய்ங்க அக்கா. வோல்டேஜத் தொட வேண்டாம். சூட்டப் பாத்துக்கங்க."

நாலரை வைத்தாள். படத்துக்கு ஐம்பத்தைந்து நொடி. சூடு எழுபத்திரண்டில் போய் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. கணக்குப்படி மதியம் இரண்டு மணிக்கு முடியும். நாங்கள் இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். "பாத்தியா, கூலர் வாங்குனது வீண்போகல," என்றேன். "திரைய மாட்டுங்க," என்றாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆயிரத்து ஐந்நூறாவது படம் முடிந்தது. மூன்றே காலுக்கு அவள் எல்லாவற்றையும் கோத்துவிட்டாள். நாலு மணிக்குக் கார் வந்தது. பெரியவர், அவர் மனைவி, மகன். காப்பி குடித்தார்கள். புதுத் திரையை இழுத்துவிட்டு டிவியைப் போட்டாள்.

கேட் திறந்தது. முற்றத்தில் வெயில் விழுந்தது. நடை, கூடம், சமையலறை, மாடிப்படி என்று ஒரு நிமிடத்தில் வீடு முழுக்க நடந்து வெளியே வந்துவிட்டோம்.

"அம்மணி, சித்தெ மெதுவாப் போடு கண்ணு," என்றார் அந்த அம்மா. "பொடக்காளிப் பக்கம் எப்படி இருக்குதுன்னு பாக்கறதுக்குள்ள மாடி ஏறிப்போச்சு."

மெதுவாகப் போட்டாள். கொல்லைப்பக்கத்தில் துணி துவைக்கிற கல் போட இடம் இருந்தது. அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாவது முறையும் ஓடியது. பெரியவர் மட்டும் டிவியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "பாக்கலாமுங்க," என்றார்.

எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்பது பெரும்பாலும் மரியாதையாகச் சொல்லப்படுகிற 'இல்லை'. மனைவி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

சத்தமில்லாத இடத்தில் என்னால் இருக்க முடியாது, தொழில் அப்படி. வாயைத் திறந்தேன். இந்தப் படம் எத்தனை கிகாஹெர்ட்ஸில் உருவானது, சாதாரணமாக எவ்வளவு, நாங்கள் எவ்வளவு ஏற்றினோம், சூடு எத்தனை டிகிரி, கூலரில் எத்தனை ஃபேன் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். எழுந்து போய்ப் பெட்டியைக் காட்டினேன். புறங்கையை வைத்துப் பார்க்கும்படி பெரியவரை அழைத்தேன். அவரும் மரியாதைக்காக வந்து வைத்துப் பார்த்தார். மனைவி தரையில் இருந்த ஒரு டைல்ஸைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். மகன் பெட்டிகளைச் சரிபார்க்கக் காருக்குப் போய்விட்டான்.

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பின்னாலேயே போனேன். இவ்வளவு சொன்ன பிறகு ஒரு வாக்கியத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்து, "ஒண்ணும் யோசிக்காதீங்க. அஸ்திவாரம் போடுற அன்னைக்கு நானும் கூட வந்து சைட்டுலயே நின்னு எல்லாத்தையும் பாத்துக்கறனுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் பின்னால் நின்றவளைப் பார்த்தார்.

"அம்மணி மட்டும் வந்தாப் போதுமுங்க."